கந்தப்பனுக்கு அடிக்காத மணி

ஆனைக்கல் தோட்டம், மேல்பிரிவு,
லுணுகலை.
06.03.2025

மதிப்புக்குரிய பெரிய மிஸ் அவர்களுக்கு,

உங்கள் விடுதியில் தங்கி பதினோராம் ஆண்டு படிக்கும் துஷாந்தினியின் அம்மா இராக்கம்மா எழுதுவது. இதை நீங்கள் மட்டும் படிக்க வேண்டும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் நல்லது.

பாப்பாவின் அப்பா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மேல்மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது குளவி கலைந்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். இவர் கால் வழுக்கி தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டார். தலையிலும் கழுத்திலும் விரல் வைக்க இடமில்லாமல் கொட்டியிருந்தது. தோட்டத்து லொறியில் போட்டு பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலம் முடிந்துவிட்டது. நேற்று அடக்கம்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது உங்கள் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டித்தான் வந்தோம். உள்ளே பிள்ளைகள் நெட்போல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேன் ஓட்டின தம்பி “நிப்பாட்டவா அக்கா”ன்னு கேட்டான். வேணாம் என்று கையைக் காட்டினேன்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். பாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம். பதினேழாம் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்குகிறது. அது முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரட்டும். நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன் எடுத்தால் ஆபிஸ் பிள்ளை எடுக்கும், பிறகு விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். பதுளையில் ஆட்டோ ஓட்டும் என் தம்பி கிருஷ்ணராஜ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவன் கையிலேயே கொடுங்கள். பாப்பாவுக்கு வழக்கமாக எழுதுகிற கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
இராக்கம்மா


புனித லீதியாள் பெண்கள் பாடசாலை விடுதி,
பதுளை.
07.03.2025

அன்புள்ள இராக்கம்மா,

கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன். அதன் பிறகு வெகுநேரம் திறக்கவில்லை. கந்தப்பனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தவணையும் மகளின் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து, படிக்கட்டில் இறக்கிவைத்துவிட்டு, “இனி உங்க பொறுப்பு மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போவார். கர்த்தர் உங்களைத் தாங்குவாராக. வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள்.

தோட்டத்துப் பெண்பிள்ளை ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுத வேண்டும் என்றுதான் மிஸ் ஹார்லோ இந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகள் இன்றும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உட்கார்ந்து கடிதம் எழுதுவது அதனால்தான். அந்த அம்மா அத்திவாரக் கல் வைத்த வாரத்தில் அவருடைய தகப்பனார் இங்கிலாந்தில் இறந்துபோனார். தந்தி பதுளைக்கு வந்துவிட்டது. விழா கெட்டுவிடும் என்று பெரிய பாதிரியார் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவரோடு நின்று கேக்கும் சாப்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா ஒரு சட்டம் மட்டும் போட்டார். ஒரு பிள்ளையின் வீட்டில் மரணம் என்றால், செய்தி வந்த மணி நேரத்திலேயே அவளுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடக் கோயில் மணி அடிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி அவளை வாசல்வரை கூட்டிப்போக வேண்டும். அவள் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது, ஒருத்தி கூடப் போக வேண்டும்.

யுத்த காலத்திலும் இது தவறியதில்லை. போன ஸ்தாபகர் தினத்தில் இதை மேடையேறிச் சொன்னவளே உங்கள் மகள்தான். பாதிரியார் கேக் தின்பதை அவள் நடித்துக் காட்டியபோது பிஷப் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிறுவரை பொறுக்கிறேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டால் நாம் இருவருமாகச் சொல்வோம்.

அன்புடன்,
பியூலா நல்லையா


ஆனைக்கல் தோட்டம்,
08.03.2025

பெரிய மிஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மணியைப் பற்றி நன்றாக விளக்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த மணி வேண்டாம் மிஸ்.

நானும் சாதாரண தரம் வரைக்கும் படித்தவள்தான். எழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எனக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் அப்பா செத்துப்போனார். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்ல, சேர் என்னை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பினார். ஒருத்தரும் ஒன்றையும் மறைக்கவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கருமாதி முடியும்வரை வீட்டில் கிடந்தேன். பரீட்சை அதுபாட்டுக்கு முடிந்துபோனது. “அதுக்கென்ன, அடுத்த வருசம் எழுது”ன்னு எல்லாரும் சொன்னாங்க. அடுத்த வாரமே அம்மாவுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் கூடையோடு நின்றேன். இன்றைக்கும் அதே மலையில்தான் நிற்கிறேன்.

உங்கள் மிஸ் ஹார்லோவுக்கு விழா கெட்டிருந்தாலும் பள்ளிக்கூடம் மிஞ்சியிருக்கும். என் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? சாவு இரண்டு வாரம் கழித்தும் சாவாகத்தான் இருக்கும். பரீட்சை இருக்காது.

பிள்ளை என்னுடையது. பாவம் இருந்தால் என் தலையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் கர்த்தரிடம். நான் வரமாட்டேன். என் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இராக்கம்மா


புனித லீதியாள் விடுதி,
09.03.2025, ஞாயிறு

அன்புள்ள இராக்கம்மா,

மணி அடிக்கவில்லை.

அடிக்கத்தான் எழுந்து போனேன். கயிற்றையும் பிடித்தேன். உங்கள் அப்பாவையும் அந்தப் பக்கத்து நிரையையும் நினைத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டேன். நாற்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தாலும் நான் பெற்றவளில்லை. பெற்றவள் கேட்கும்போது சட்டத்தைக் காட்டுவதற்கு எனக்கு நெஞ்சுரம் போதவில்லை.

ஆனால் சும்மா இருந்தால் போதும் என்று நாம் இருவரும் நினைத்தது தப்பு. நீங்கள் அவளுக்கு அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு துஷாந்தினி என் அறைக்கு வந்தாள். “எப்பவும் அடியில அப்பா ஒரு வரி எழுதுவாங்க மிஸ். இந்தத் தடவ இல்ல” என்றாள். கையில் குளவி கொட்டியிருக்கிறதாம், மாமா சொன்னார் என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு இலகுவாக வந்தது தெரியுமா? விடுதிச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்வதைத் தவிர எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உடனே நம்பிவிட்டாள்.

இன்று அவள் எழுதிய ஞாயிறு கடிதத்தை இதோடு அனுப்புகிறேன். விடுதி வழக்கப்படி நான்தான் முதலில் படித்துப் பார்க்க வேண்டும். “அன்புள்ள அப்பாவுக்கு” என்ற வரிக்கு மேல் படிக்கவில்லை.

பியூலா நல்லையா


ஆனைக்கல் தோட்டம்,
14.03.2025

பெரிய மிஸ் அவர்களுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் கூடக் குறைய எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்தது சாகும்வரைக்கும் மறக்காது.

பாப்பாவின் கடிதத்தைப் பிரித்தேன். அவருக்கு எழுதினதை நான் படிப்பது இதுதான் முதல் தடவை. அவர்தான் எழுத்துக்கூட்டி சத்தமாகப் படிப்பார், நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். கணக்குப் பாடம் பயமில்லையாம். பரீட்சை முடிந்ததும் அவரோடு தீர்த்தக்கரைக்குக் குளிக்கப் போக வேண்டுமாம். மேலே படிக்க முடியவில்லை.

ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். மாரியம்மன் கோயில் திருநீறு. ஒவ்வொரு பரீட்சைக்கும் அவர்தான் கொடுத்து அனுப்புவார். முதல் நாள் காலையில் அப்பா தந்தது என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஆண்டவருக்குக் கோபம் வராது என்றால் நீங்களே பூசிவிடுங்கள். பிள்ளையின் நெற்றியில் யாராவது கை வைத்து அனுப்பினால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

இராக்கம்மா


புனித லீதியாள் விடுதி,
23.03.2025, ஞாயிறு

அன்புள்ள இராக்கம்மா,

பூசிவிட்டேன். பெருவிரலால் பூசுவதா, மூன்று விரலால் இழுப்பதா என்று தெரியாமல் தடுமாறினேன். “மூணு வெரல் மிஸ்” என்று அவளே என் கையைப் பிடித்துக் காட்டினாள். எங்கள் கோயில் படியில் வைத்துத்தான் பூசினேன். ஆண்டவர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

நன்றாக எழுதுகிறாள். மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது அவள் நடையிலேயே தெரிகிறது. போன புதன்கிழமை உங்கள் வீட்டில் கருமாதி நடந்த நேரம், நான் மண்டபத்துக்கு வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

இதோடு அவளுடைய இரண்டு கடிதமும் ஒரு சித்தாலேப தைல டப்பாவும் இருக்கின்றன. டப்பாவை அவள் தன் கைச்செலவில் வாங்கியிருக்கிறாள். அப்பாவின் கை வீக்கத்துக்கு இரண்டு வேளையும் தடவ வேண்டுமாம். அம்மா மறந்துவிடுவா, நீங்களே ஞாபகப்படுத்துங்க மாமா என்று கிருஷ்ணராஜிடம் சொன்னாள். அவர் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்று அழுதார்.

வரும் புதன்கிழமை பரீட்சை முடிகிறது. அவள் உடுப்பு மாற்றும்வரைதான் நேரம் இருக்கும். வீட்டுக்கு வருமுன் நான் சொல்லவா? இன்னும் நேரம் இருக்கிறது, இராக்கம்மா. மணியும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள் போதும்.

பியூலா நல்லையா


ஆனைக்கல் தோட்டம்,
01.04.2025

பெரிய மிஸ் அவர்களுக்கு,

நீங்கள் சொல்லவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியனுப்பினது நான்தான். வீட்டில் வைத்து மடியில் போட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நான் நினைத்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

ஆட்டோ எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே நின்றதும் பாப்பா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பாதி வழியில் என்னைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை மிஸ். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அழவில்லை. “எப்ப?”ன்னு கேட்டா. சொன்னேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தா. பிறகு “பெரிய மிஸ்ஸுக்குத் தெரியுமா?”ன்னு கேட்டா. தெரியும் என்றேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கட்டிப் பிடித்து அழுதார்கள், இவள் மரம் மாதிரி நின்றாள். எல்லாரும் அழுது முடித்துவிட்டார்கள் அல்லவா, அவளோடு அழுவதற்கு உண்மையான கண்ணீர் யாரிடமும் இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது.

தம்பிக்கு வாயை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது. ஆறுதல் சொல்வதாக நினைத்து, “மச்சான் கடைசி வரைக்கும் ஒன்னத்தான் கேட்டாரு பாப்பா, ஆஸ்பத்திரியில வச்சு பாப்பாவக் கூப்புடு, பக்கத்துலதானே இருக்குன்னாரு”ன்னு சொல்லிவிட்டான். அது உண்மைதான். பகல் முழுக்க நினைவு இருந்தது. ஊசி போட்டிருக்கு, சுகமாகிவிடும், பிள்ளையை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நான்தான் கூப்பிடவில்லை.

பாப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் கட்டிலுக்குக் கீழே அந்தத் தைல டப்பா இருந்திருக்கிறது, பிரிக்காமலே. எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மிஸ், நீங்கள் வந்து பேசினால் கேட்பாள். உங்கள் மேல் அவளுக்கு உயிர்.

இராக்கம்மா


புனித லீதியாள் விடுதி,
22.04.2025

அன்புள்ள இராக்கம்மா,

நான் வந்தும் பிரயோசனமில்லாமல் போனது. வாசலில் எனக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் தந்து, உங்கள் துக்கத்தை விட்டுவிட்டு என்னை விசாரித்தீர்கள். அதற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் நடந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கதவருகே போய், “துஷா, நான் வந்திருக்கிறேன். வா, நாம் இருவரும் அப்பாவிடம் போய்விட்டு வருவோம்” என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. அங்கிருந்தே கேட்டாள்.

“கேக் நல்லா இருந்துச்சா மிஸ்?”

அவ்வளவுதான். நான் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னதில் பிழையில்லை. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை மேடையேற்றி அந்தப் பாதிரியாரைப் பார்த்துச் சிரித்தோம். அவரும் நல்லதை நினைத்துத்தான் செய்திருப்பார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

உயர்தர வகுப்பில் அவள் இடம் அவளுக்காக இருக்கும். கட்டிலையும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

பியூலா நல்லையா


புனித லீதியாள் விடுதி,
12.07.2025

அன்புள்ள இராக்கம்மா,

பெறுபேறு வந்துவிட்டது. எட்டுப் பாடத்தில் ஏ, சங்கீதத்தில் மட்டும் பி. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளில் இவ்வளவு எடுத்தவள் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை. மிஸ் ஹார்லோவுக்கு முடிந்திருந்தால் கல்லறைத் தோட்டத்தை விட்டு எழுந்து வந்து கை கொடுத்திருப்பார். (பகிடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.)

அவளிடம் சொல்லுங்கள். என் மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரட்டும். என்னோடு பேசவும் வேண்டாம். நான் டிசம்பரில் ஓய்வு பெறுகிறேன், அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை. படிக்க மட்டும் வரட்டும்.

பியூலா நல்லையா


ஆனைக்கல் தோட்டம்,
16.07.2025

பெரிய மிஸ் அவர்களுக்கு,

பாப்பா இங்கே இல்லை. போன மாதமே போய்விட்டாள். கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே நிற்கிறார்கள், அவர்களோடு கடைக்கு மேலே தங்குகிறாளாம். உங்களுக்கு எழுதாமல் இருந்தது, திரும்பி வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான்.

பெறுபேறு சொல்ல அந்தப் பிள்ளைகளின் போனுக்கு எடுத்தேன். அவள் வந்து பேசவில்லை, சொல்லியனுப்பினாள். “அந்தச் சோதனைக்காகத்தானே அப்பாவ மறச்சீங்க. அத நீங்களே வச்சுக்குங்க”ன்னாளாம்.

எட்டு ஏ என்று நீங்கள் எழுதின வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்? அவளை மலைக்கு அனுப்பக்கூடாது என்றுதான் செய்தேன். மலைக்குப் போகவில்லை, அது சரிதான். நான் என் அப்பாவையாவது கடைசியாகப் பார்த்தேன் மிஸ். படிப்பு மட்டும்தான் போனது. என் பிள்ளைக்கு இரண்டையும் நானே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுகிறேன். பதில் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த மணியை இப்போது அடிக்கலாமா? வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். அவருக்காக ஒரு தடவை அடியுங்கள்.

இராக்கம்மா


புனித லீதியாள் விடுதி,
20.07.2025, ஞாயிறு

அன்புள்ள இராக்கம்மா,

இன்று ஆராதனைக்குப் பின் அடித்தேன். கயிற்றை நானே பிடித்து இழுத்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வரிசையில் நின்றார்கள். ஆனைக்கல் தோட்டத்துக் கந்தப்பன், துஷாந்தினியின் தகப்பன், மார்ச் நான்காம் திகதி இறந்தார், அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று அவர்கள் முன்னால் சொன்னேன்.

வாசல்வரை நடந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ரிஸ்கா, இந்த வருஷம் வந்தவள், என் கையைப் பிடித்து, “மிஸ், யாரக் கூட்டிட்டுப் போறோம்?” என்று கேட்டாள். கேட்டைத் திறந்தோம், கொஞ்சநேரம் நின்றோம், மூடினோம்.

ஸ்தாபகர் தினத்தில் இனி அந்தக் காட்சி வேண்டாம் என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

பியூலா நல்லையா


ஆனைக்கல் தோட்டம்,
05.08.2025

பெரிய மிஸ் அவர்களுக்கு,

பாப்பாவிடமிருந்து இன்றைக்குக் கடிதம் வந்தது.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கணக்கப்பிள்ளைதான் கொண்டுவந்து கொடுத்தார். அவள் எழுத்து தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கை ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினேன். மேலே ‘திரு. கந்தப்பன், மேல்பிரிவு, ஆனைக்கல் தோட்டம்’ என்று போட்டிருந்தது. என் பேர் இல்லை.

நல்ல கனமாக இருந்தது. நாலு பக்கமாவது இருக்கும். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பிரித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். பக்கத்தில் நின்றவர்களும் “பிரி அக்கா, புள்ள என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்”ன்னு நின்றார்கள்.

கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன், போகவான்னு. “இப்பப் போனா அரைப் பேர்தான் போடுவேன், பாதிச் சம்பளம்தான்”னு சொன்னார். போடுங்கன்னு சொல்லிவிட்டுக் கூடையை இறக்காமலே நடந்தேன். அவரை வைத்திருக்கிற இடத்துக்குப் போய், கடிதம் வந்திருக்கிறது, பாப்பா எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். தலைமாட்டில் வைத்து மேலே கல் வைத்தேன். பிரிக்கவில்லை மிஸ்.

வந்த மணி நேரத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இராக்கம்மா